மூன்றாம் மாடி ராஜாவின் மந்திரிசபை

கோட்டூர்புரத்தில் ஆற்றை ஒட்டிய ஒரு பழைய குடியிருப்பின் மூன்றாவது மாடியில், கிளிஃபர்ட் என்ற சரித்திர வாத்தியார் ராஜாவாக வாழ்ந்துவந்தார். மயிலாப்பூரில் அவர் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் இந்தச் சேதி யாருக்கும் தெரியாது. அங்கே எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்கூட அவரைச் சட்டை செய்வதில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால்தான் பட்டாபிஷேகம். முண்டா பனியனோடு ஒரு ஐரோப்பிய ராஜ்ஜியத்தையே கட்டி ஆண்டார்.

இடைக்கால ராஜாக்களை வைத்து ஆடும் விளையாட்டு அது. கத்தியைச் சுழற்ற நினைப்பவனுக்கு அதில் வேலை கிடையாது. ராஜாவுக்கு ஐந்து மந்திரிகள். படையெடுக்க வேண்டுமா, ஒருத்தனைப் பிடித்து உள்ளே தள்ள வேண்டுமா, மந்திரிசபை ஓட்டுப் போட்டாக வேண்டும். செல்வாக்குள்ள பிரபுவைச் சபைக்கு வெளியே விட்டால் கலகம் பண்ணுவான். உள்ளே உட்காரவைத்தால் முணுமுணுப்பதோடு சரி. ஆகாத மந்திரியை மடக்கவும் வழி இருந்தது. அவனுக்கு முன்கூட்டியே ஏதாவது நல்லது செய்துவைத்தால், அவன் பெயருக்குப் பக்கத்தில் 'ஃபேவர்' என்று ஒரு சின்ன அடையாளம் விழும். ஓட்டெடுப்பு வரும்போது அதை அழுத்தினால் போதும், மந்திரி பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தூக்குவான். ஃபேவரும் செலவாகி மறைந்துவிடும்.

இந்தச் சூட்சுமம் பிடிபட கிளிஃபர்டுக்கு ஒரு கோடை விடுமுறை முழுசாகத் தேவைப்பட்டது. நடுவில் சொந்த மந்திரிகளே விஷம் வைத்து அவரைக் கொன்றார்கள். பிடிபட்ட பிறகோ, மனுஷ ஜாதியையே படித்து முடித்துவிட்டதாக ஒரு மிதப்பு வந்துவிட்டது. வருஷக்கணக்காகச் சரித்திரம் நடத்தியபோதெல்லாம் வராத மிதப்பு.

இதற்கிடையில் ராணிக்கு முழங்கால் போய்விட்டது. ராணி என்றால் அவர் மனைவி ஈவ்லின், அடையாறில் டீச்சராக இருந்தவள். இனிமேல் மாடிப்படி கூடவே கூடாது என்று டாக்டர் சொன்னதும் வேலையை விட்டாள். பெசன்ட் நகர் மாதா கோயில் கொடியேற்றத்தைத் தவறவிடாதவள், இந்த வருஷம் கைப்பேசியில் பார்த்து ஜெபம் சொன்னாள். கட்டடத்துக்கு லிஃப்ட் வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் வீட்டை விற்றுவிட்டுத் தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் எங்காவது கீழ்வீடு பார்க்க வேண்டும். போகமாட்டேன் என்று ஈவ்லின் ஒற்றைக்காலில் நின்றாள். அவளுக்கு உருப்படியாக இருந்ததும் அந்த ஒரு கால்தான்.

அவள் போகமாட்டேன் என்றதற்குக் காரணம் இரண்டாவது மாடி அமீனா பீ. ஈவ்லினால் இறங்க முடியாமல் போனதிலிருந்து, தினமும் சாயங்காலம் அமீனா பீ மூச்சு வாங்க ஏறி வந்து, "யா அல்லா" என்று தரையில் காலை நீட்டி உட்காருவாள். இரண்டு பேரும் கீரை ஆய்ந்துகொண்டே அவரவர் வீட்டுக்காரரைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேசிச் சிரிப்பார்கள். பக்கத்து அறையில் கோட்டையை முற்றுகை போட்டிருக்கும் ராஜாவுக்கும் அது கேட்கும். அவர் கேட்காத மாதிரி இருந்துகொள்வார்.

லிஃப்ட் வேண்டுமா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது குடியிருப்போர் சங்கத்தின் கமிட்டி. அதிலும் ஐந்து பேர். இதைக் கண்டுபிடித்த அன்றைக்குக் கிளிஃபர்டுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். சங்கத் தலைவர் ராஜரத்தினம் தரைத்தளத்தில் இருப்பவர். லிஃப்டுக்கு இடம் என்று எல்லோரும் நினைத்த மூலையில், பல வருஷமாக நகராத அவருடைய கார் உறை போட்டுக்கொண்டு நின்றது. அவர் ஓட்டு கிடைக்காது. கமிட்டியிலேயே இருந்த அவருடைய மச்சான், அவர் தும்மினால் தானும் தும்முகிற ஆள். ஆகவே இரண்டு ஓட்டு போயிற்று. கிளிஃபர்டின் ஓட்டு ஒன்று. மிச்சம் முதல் மாடி ரத்னாவும், அமீனா பீயின் வீட்டுக்காரர் அக்பர் பாஷாவும்.

ரத்னாவை வளைப்பது சுலபமாக முடிந்தது. விளையாட்டில் வெற்றுப் பட்டம் கொடுத்து மந்திரியைக் குளிரவைக்கலாம். கிளிஃபர்ட் 'பண்டிகைப் பொறுப்பாளர்' என்று ஒரு பதவியை அங்கேயே படைத்து, மாடிப்படியில் வைத்தே பிரமாணம் செய்துவைத்தார்.

"அப்போ பொங்கலுக்குக் கோலப் போட்டி நான் சொல்றபடிதானே சார்?" என்றாள் ரத்னா.

"நீங்க சொல்றதுதான் மேடம் சட்டம்."

அக்பர் பாஷாதான் பிடி கொடுக்கவில்லை. தி. நகரில் ரங்கநாதன் தெருப் பக்கம் ரவிக்கை லைனிங் துணி விற்கிறவர். வாய் அதிகம் கிடையாது. கிளிஃபர்ட் சுற்றிவளைத்து லிஃப்ட் பேச்சை எடுத்தபோது, "பாக்கலாம் சார், கூட்டத்துல பேசிக்கலாம்," என்று கடைக்குக் கிளம்பிவிட்டார். நாலு பேருக்கு முன்னால் சொல்ல வேண்டியதை முன்கூட்டிச் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர் அவர். கிளிஃபர்டோ இதை அதிருப்தி கொண்ட மந்திரியின் பதில் என்று முடிவு கட்டினார்.

அப்புறம் ஃபேவரைத் தேட ஆரம்பித்தார். தேடின இடத்திலேயே கிடைத்தது. முன்பு ஒருமுறை அமீனா பீக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். மகள் சாய்மா துபாயிலிருந்து வரத் தாமதமாயிற்று. நர்ஸ் தொடுவதற்கே அமீனா பீ கூசி அழுதபோது, ஆஸ்பத்திரியில் கூடவே இருந்து குளிப்பாட்டி, துடைத்து, சகலமும் செய்தவள் ஈவ்லின். அவள் அதை மறந்தே போயிருந்தாள். ராஜாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ராஜரத்தினம் வீட்டில் சபை கூடியது. மிக்சரும் காபியும் வந்தன.

"படி ஏறி இறங்குறது உடம்புக்கு எவ்ளோ நல்லது தெரியுமா?" என்று ஆரம்பித்தார், ஒரு படிகூட ஏற வேண்டியிராத ராஜரத்தினம். மச்சான் தலையாட்டினார்.

அக்பர் பாஷா தொண்டையைச் செருமினார். அவர் கை சட்டைப் பைக்குப் போயிற்று. "நான் இன்னா சொல்றேன்னா..."

இவர் கவிழ்க்கப்போகிறார் என்று கிளிஃபர்டுக்குத் தோன்றியது. ஃபேவர் பொத்தானை அழுத்தினார்.

"பாய், ஒரு நிமிஷம். அமீனாம்மாவுக்கு அந்த ஆபரேஷன் ஆனப்போ ஆஸ்பத்திரியில கூட இருந்தது யாரு? நர்ஸே வேணாம்னு அழுதாங்களே, குளிப்பாட்டி விட்டு, பெட் பேன் எடுத்து வச்சது யாரு? எங்க வீட்லதான? நாங்க என்னிக்காவது அதச் சொல்லிக் காட்டியிருக்கோமா? இன்னிக்கு ஈவ்லினுக்கு ஒரு லிஃப்ட் கேக்குறேன். அவ்ளோதான்."

செய்ததைச் சொல்லிக் காட்டுவது எவ்வளவு அசிங்கம் என்று இந்த ஊரில் பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்குக்கூடத் தெரியும். மற்ற மூன்று ஆண்களும் ரத்னாவும் உட்கார்ந்திருந்த கூடத்தில், ஒரு பெண்ணின் உடம்பு பட்ட பாட்டை எடுத்துப்போட்டுச் சொல்லிக் காட்டியவர் சரித்திரம் படித்தவர். ராஜரத்தினமே காபி டம்ளரை உற்றுப் பார்த்தார்.

அக்பர் பாஷா கையைத் தூக்கினார். "போட்டாச்சு சார்." பிறகு சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார். "தெரிஞ்ச லிஃப்ட் ஆள இட்டாந்து அளந்து பாத்தேன். பின்பக்கம் சுவத்த ஒட்டி எடம் கீது. தலைவர் வண்டிய நகத்தவே தேவையில்ல. இதச் சொல்லத்தான் வந்தேன். எங்க வூட்ல தூங்கவே வுடல, ஈவ்லினுக்கு ஒரு வழி பண்ணு, ஈவ்லினுக்கு ஒரு வழி பண்ணுன்னு."

"வண்டிய நகத்த வேணாமா? அப்போ எனக்கு என்ன ஆட்சேபம்?" என்று ராஜரத்தினமும் கையைத் தூக்கினார். மச்சான் கையும் தானாக உயர்ந்தது.

அக்பர் பாஷா எழுந்தார். கிளிஃபர்டின் முகத்தைப் பார்க்காமல், "உங்க பாக்கி தீந்துச்சு சார்," என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார்.

ஐந்துக்கு ஐந்து. அப்படி ஒரு வெற்றி கிளிஃபர்டுக்கு விளையாட்டில்கூடக் கிடைத்ததில்லை. "ஒருமனதா பாஸ்," என்று ஈவ்லினிடம் சொன்னார். எப்படிப் பாஸ் ஆயிற்று என்று சொல்லவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ உறுத்தியது. மிக்சர் என்று நினைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அமீனா பீ வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஈவ்லின் போன் போட்டால் சாய்மா வந்திருக்கிறாள், உடம்பு சரியில்லை, வேலை இருக்கிறது என்று ஏதாவது ஒரு பதில். லிஃப்டுக்குக் குழி தோண்டினார்கள், கம்பி கட்டினார்கள், மாதங்கள் ஓடின. "பாவம், அவளுக்கு என்ன கஷ்டமோ," என்று ஈவ்லின் தினமும் சொல்வாள். ராஜா அடுத்த கோட்டையை முற்றுகை போடப் போய்விடுவார்.

லிஃப்ட் ஓட ஆரம்பித்த அன்று ஈவ்லின் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டாள். கோயிலுக்குத்தான் முதலில் போவாள் என்று கிளிஃபர்ட் நினைத்தார். அவளோ இரண்டாவது மாடிக்கான பொத்தானை அழுத்தினாள். கூட இறங்கிய அவர் அந்த மாடி லிஃப்ட் வாசலிலேயே நின்றுகொண்டார். அங்கிருந்தே எல்லாம் கேட்டது.

"வாங்க டீச்சர். உக்காருங்க," என்றது அமீனா பீயின் குரல். நாற்காலியை இழுக்கும் சத்தம் வந்தது.

"என்னடி புதுசா வாங்க போங்கன்னு? நாலு மாசமா எங்க போயிட்ட?"

அமீனா பீ மெதுவாகச் சொன்னாள். கூட்டத்தில் நடந்தது அத்தனையும் சொன்னாள். ஆஸ்பத்திரி, நர்ஸ், பெட் பேன், ராஜரத்தினம் வீட்டுக் கூடம். "வோட்டு போட்டு பாக்கிய தீத்துட்டாராம் எங்க வூட்டுக்காரரு. நமக்குள்ள பாக்கி ஒண்ணு இருந்ததே எனக்குத் தெரியாது. நீ அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு அதுக்குத்தான் வந்தியா ஈவ்லின்?"

ஈவ்லின் என்ன பதில் சொன்னாள் என்று கிளிஃபர்டுக்குக் கேட்கவில்லை. அழுகிறவர்கள் பேச்சு வெளியே தெளிவாகக் கேட்பதில்லை. அவர் படி வழியாகவே மேலே ஓடிப்போய் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டார். அவமானம் காதுமடலைச் சுட்டது.

ஈவ்லின் மேலே வந்து அவர் பின்னால் நின்றாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "ஒண்ணு சொல்லுங்க. இந்த ஆட்டத்துல, ராணிக்குச் சேர வேண்டிய ஃபேவர ராஜா எடுத்து செலவு பண்ணலாமா?"

இந்த ஒரு விஷயத்தில் கிளிஃபர்டுக்குப் பொய் வராது. "முடியாது," என்றார். "அவங்கவங்களுதுதான். ராஜா தொடக்கூட முடியாது."

ஈவ்லின் புரிந்தவள் போலத் தலையாட்டினாள். "தாம்பரம் பக்கம் வீடு பாருங்க," என்றாள். "எந்த மாடியா இருந்தாலும் சரி."