மாதிரி அறை

இந்த நாட்டின் நாளைய விடியல் ஜவ்வாது மலையின் வகுப்பறைகளில்தான் தொடங்குகிறது. படிப்பை விட்டு நிற்கும் ஒவ்வொரு பிள்ளையும் நாம் அணைத்துவிட்ட ஒரு சூரியன். இப்படிச் சொன்னது பதினைந்து அடி நீள பேனர். அதை மாணவிகள் கழிப்பறைக்கு முன்னால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். அந்தக் கழிப்பறைக்குக் கதவு கிடையாது. சென்னையிலிருந்து வருகிறவர்கள் கண்ணில் அது பட்டுவிடக் கூடாது என்று தலைமை ஆசிரியர் ஆனந்தன் சொல்லியிருந்தார்.

போளூரிலிருந்து முதல் பஸ்ஸில் பட்டுப்புடவையோடு வந்து இறங்கிய மஞ்சுளாதான் பேனரைக் கட்டிய கயிற்றை இழுத்துப் பார்த்து முடிச்சைச் சரிசெய்தாள். 'விண்ணேறு' திட்டத்தின் ஒப்பந்தப் பயிற்றுநர் அவள். பெரிய அறக்கட்டளை ஒன்றின் திட்டம் அது. படிப்பை விடப்போகிற பிள்ளைகளைக் கண்டுபிடித்து, பதினோராம் வகுப்பில் ஓட்டல் வேலை கற்றுக்கொடுத்து, பள்ளிக்கூடத்திலேயே பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். யார் நிற்கப்போகிறார்கள் என்று அறிய இருபத்தெட்டு கேள்விகளோடு ஒரு படிவம் வந்திருந்தது. பெற்றோர் வெளியூர் வேலைக்குப் போகிறார்களா, பள்ளி எவ்வளவு தூரம், வழியில் ஓடை உண்டா. மலையில் எந்தப் பிள்ளைக்கு நிரப்பினாலும் 'தீவிர அபாயம்' என்றே வந்தது. ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விளையாட்டாக ஆனந்தன் சாருக்கு நிரப்பிப் பார்த்தார்கள். அவரும் தீவிர அபாயத்தில் இருந்தார்.

ஆகவே அறக்கட்டளை கேட்ட இருபது பேர் கணக்கைச் சேர்ப்பது கஷ்டமாக இல்லை. ஒழுங்காகப் படித்துக்கொண்டிருந்த பத்தொன்பது பேரைக் கொண்டுவந்து உட்காரவைத்தாயிற்று. உண்மையாகவே நின்றுபோனவள் பூஜா ஒருத்திதான். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியிருந்தும், கர்நாடகத்து காப்பி எஸ்டேட்டுக்கு அப்பா அம்மாவோடு மிளகு பறிக்கப் போய்விட்டாள். பறிப்பு முடிந்து குடும்பம் மலைக்குத் திரும்பியதும் மஞ்சுளா அவர்கள் ஊருக்கு இரண்டு தடவை நடந்தாள். இரண்டாம் தடவை பூஜாவின் அப்பா சடையன் வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். எஸ்டேட் பங்களாவில் ஒருமுறை அவரைக் கக்கூஸ் அடைப்பெடுக்கச் சொன்னார்களாம். அந்த நிமிஷமே மூட்டையைக் கட்டிக்கொண்டு மலையேறி வந்துவிட்ட மனிதர். முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"அங்க இன்னா வேல கத்துக் குடுப்பீங்க டீச்சரம்மா? பெருக்குறது, கழுவுறதுதான?"

"இன்னாண்ணா நீங்க. மேசைக்கு முன்னால உக்காந்து போன் எடுத்துப் பேசுற வேல. அடுத்தவங்க அழுக்குல உங்க பொண்ணு கை வெக்காது. நான் சொல்றேன் இல்ல?"

சொன்னபோது அவள் நம்பித்தான் சொன்னாள். பாடப்புத்தகம் அதற்கப்புறம்தான் வந்தது. பன்னிரண்டு பாடத்தில் போனுக்கு ஒன்று, கணினிக்கு ஒன்று, புன்னகைக்கு ஒன்று. மிச்சம் ஒன்பதும் பெருக்குவது, துடைப்பது, கழுவுவது. மஞ்சுளா பூஜாவை அந்த ஒன்பதின் பக்கம் அண்டவிடாமல் பார்த்துக்கொண்டாள். போன் பக்கம் அவளையே உட்காரவைத்தாள். "குட் மார்னிங், ஹவ் மே ஐ ஹெல்ப் யூ" என்று ஒயர் இல்லாத போனில் அந்தப் பெண் பேசுவதைக் கேட்டால், மறுமுனையில் யாரோ அறை கேட்டுக் கெஞ்சுகிற மாதிரியே இருக்கும். டவலை மடித்து அன்னம் செய்யவும் அவள்தான் கெட்டிக்காரி.

போனும் அன்னமும் இருந்த இடத்துக்குப் பெயர் மாதிரி அறை. பழைய எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவைப் பிளைவுட் வைத்துத் தடுத்து, ஒரு கட்டில், வெள்ளை விரிப்பு, மூலையில் சின்னக் குளியலறை. செங்கத்திலிருந்து வந்த மேஸ்திரி மேல்நாட்டுக் கக்கூஸ் பீங்கானை சிமெண்ட் வைத்துத் தரையில் உட்காரவைத்தார், அதன் முதுகில் தண்ணித் தொட்டியை மாட்டினார், சுவரில் பளபளவென்று ஒரு குழாய் பதித்தார். இது எதிலும் பைப் கிடையாது. வாங்கும் பட்டியலில் பைப் இல்லை. கழுவும் பாடத்தில் "இப்போ தண்ணி ஊத்தியாச்சுன்னு நெனச்சுக்கோங்க" என்று மஞ்சுளா சொல்வாள், பிள்ளைகளும் நினைத்துக்கொள்வார்கள். நிஜமாகவே அவசரம் வந்தால் தைல மரத் தோப்புக்குப் போவார்கள்.

அறக்கட்டளையின் இயக்குநர் பதினோரு மணிக்கு வந்தார். மலைப்பாதையின் வளைவுகள் அவர் முகத்தில் தெரிந்தன. வழியில் எங்கோ டிபனும், ஏறி வந்ததும் ஆனந்தன் சார் கொடுத்த இரண்டு டம்ளர் மோரும் உள்ளே போயிருந்தன. ரிப்பன் வெட்டினார். சூரியன்களைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினார், கடைசி ஐந்து நிமிஷம் கொஞ்சம் வேகமாக. மேடையை விட்டு இறங்கியவர் யாரிடமும் எதுவும் கேட்காமல், 'விருந்தினர் அறை' என்று தங்க எழுத்தில் எழுதியிருந்த மாதிரி அறைக் கதவைத் திறந்து உள்ளே போனார். உள்கதவும் சாத்திக்கொண்டது.

எல்லோரும் பார்த்தார்கள். ஆனந்தன் மஞ்சுளாவைப் பார்த்தார், மஞ்சுளா ஆனந்தனைப் பார்த்தாள். ஓடிப்போய்க் கதவைத் தட்டி ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருந்தது. ஆனால் இயக்குநரிடம் அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது? ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் கையெழுத்து போடுகிறவர் அவர். பின்வரிசையில் யாரோ ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். ஏழெட்டு நிமிஷம் கழித்து அவர் அன்னத்தைப் பிரித்துக் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார்.

"மோட்டார் போடலையா? தண்ணி வரல" என்றார். போட்டுவிடுகிறோம் என்றார் ஆனந்தன்.

பிரியாணிப் பொட்டலம் கொடுக்கும் பக்கம் கூட்டம் நகர்ந்தது. பெற்றோரும் வந்திருந்தார்கள், சடையனும் வரிசையில் நின்றிருந்தார். ஆனந்தன் மஞ்சுளாவைத் தனியே கூப்பிட்டு, நாலு பிள்ளைகளை விட்டு சுத்தம் பண்ணச் சொல்லுங்கள், செய்முறைப் பயிற்சியாகவும் ஆகிவிடும் என்றார்.  மஞ்சுளா தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு பக்கெட்டும் முறமுமாக உள்ளே போனாள். நாற்றம் அந்தப் பிளைவுட் பெட்டிக்குள் வெளியேற வழியில்லாமல் நின்றது. பயிற்சிக்கு வந்த ஒரே ஜோடி ரப்பர் உறை அவள் கைக்குச் சின்னது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தபோது, தண்ணி கொண்டுவந்த பூஜா குடத்தோடு வாசலில் நின்றாள். அவளுக்குப் பின்னால் இயக்குநர் நின்றார். கூலிங் கிளாஸைத் தொட்டி மேல் மறந்து வைத்துவிட்டாராம்.

பீங்கானுக்குள் இருப்பது யாருடையது என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்திருக்க முடியாது. ஒரு கணம் அவர் முகம் சிவந்தது. அப்புறம் பெரிய பதவியில் இருப்பவர்கள் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதை மஞ்சுளா கண்ணால் கண்டாள். அவர் சிரித்தார்.

"டெமோவா? வெரி குட். ஆனா நீங்களே செஞ்சா எப்படி மேடம்? பிள்ளைங்க செய்யட்டும். போட்டோகிராபரைக் கூப்பிடுங்க."

பூஜா குடத்தை இறக்கி வைத்தாள். "மிஸ்" என்றாள், அவ்வளவுதான்.

இது பைப் இல்லாத பொம்மை சார், இதை இந்தப் பெண் தொட மாட்டாள் சார். இரண்டே வாக்கியம். மஞ்சுளா இரண்டையும் மனசுக்குள் அடுக்கி வைத்தாள், நல்ல தமிழில், மரியாதை குறையாமல். போட்டோகிராபர் வந்துவிட்டான். லைட் பத்தவில்லை, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்றான். மஞ்சுளா தள்ளி நின்றாள். உறை பூஜாவின் கைக்குச் சரியாக இருந்தது. புத்தகத்தில் உள்ள ஆறு படிகளையும் அந்தப் பெண் ஒன்றுவிடாமல் செய்தாள். பாடத்தையே எடுக்காத பிள்ளை, மற்றவர்கள் செய்வதைப் பார்த்தே கற்றிருந்தாள். ஃப்ளாஷ் ஏழெட்டு தடவை அடித்தது. இயக்குநர் ஓரமாகக் கைநீட்டிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டார்.

மஞ்சுளாவும் பூஜாவும் வெளியே வந்தபோது எதிரே சடையன். கையில் பிரிக்காத பொட்டலம். மாதிரி அறையின் ஜன்னலுக்குக் கம்பி மட்டும்தான், பார்க்கிறவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று திரை போடாமல் விட்டிருந்தார்கள். உள்கதவும் திறந்திருந்ததால் அவர் எல்லாவற்றையும் பார்த்திருந்தார். பொட்டலத்தைப் படிக்கட்டில் வைத்தார். மகளிடம்தான் சொன்னார்.

"கைய நல்லா சோப்பு போட்டுக் கழுவிக்கினு வா. போவலாம்."

சோப்பு இல்லை. பூஜா மண்ணைத் தேய்த்துக் கழுவினாள், வெகுநேரம்.

திங்கட்கிழமை மஞ்சுளா அவர்கள் ஊருக்கு மூன்றாம் தடவையாக நடந்தாள். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு மங்கம்மாள் வறட்டி தட்டியபடியே சொன்னாள். "எஸ்டேட் வண்டி வந்துச்சு, வெடிகாலமே ஏறிட்டாங்க. அந்தப் பொண்ணு எதோ போன் வேலைக்குப் போவும்னு சொல்லிக்கினு இருந்துச்சே, அது இன்னா ஆச்சு?" மஞ்சுளா தண்ணி மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பினாள்.

ஜூன் மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. கூடவே புது ஆண்டுக்கான போஸ்டர்களும் ஒரு கட்டு வந்தன. 'இடைநிற்றல் இல்லாத மலை' என்று மேலே பெரிய எழுத்து. கீழே பூஜா, கையுறை போட்ட கையில் பிரஷ்ஷோடு, தலையைக் குனிந்து. மஞ்சுளா ஒன்றைப் பிரித்து மேசையில் வைத்து, நாலு மூலையிலும் சாக்பீஸ் டப்பாவும் டஸ்டரும் வைத்து நிமிர்த்திப் பார்த்தாள். பூஜாவுக்குப் பின்னால், சற்றுத் தள்ளி, பட்டுப்புடவையில் அவளும் இருந்தாள்.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.