ஆறு கால் கணக்கு

அந்தக் கல்லூரியின் விலங்கியல் கூடத்தில் மாதிரிப் புட்டிகளைப் பராமரிக்கும் உதவியாளருக்கு மாணவர்கள் வைத்த பெயர் கால்கணக்கர். எந்தப் புட்டி வந்தாலும் முதலில் கால்களைத்தான் எண்ணுவார். ஆறு என்றால் பூச்சித் தட்டு. எட்டு என்றால் சிலந்தி, தேள், உண்ணி எல்லாம் கிடக்கும் தட்டு. பத்து என்றால் நண்டு. அதற்கும் மேலே போனால் பூரான், மரவட்டை. இருபத்திரண்டு வருடமாக இந்தக் கணக்கு அவரைக் கைவிட்டதில்லை. அதில் கொஞ்சம் திமிரும் உண்டு.

அன்று காலை அக்கா மூச்சு வாங்க வந்து நின்றாள். அவளுடைய ஆறு வயது மகளுக்கு நான்கு நாளாகக் காய்ச்சல். குழந்தையின் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த எள்ளளவுப் பிராணி ஒன்றை டாக்டர் புட்டியில் போட்டுக் கொடுத்திருந்தார்.

"உண்ணின்னா இன்னைக்கே வேற மருந்து ஆரம்பிக்கணுமாம். வெறும் பூச்சின்னா ரெண்டு நாள் பொறுக்கலாமாம். ஒழுங்கா பாத்துச் சொல்லுடா."

மைக்ரோஸ்கோப்பில் வைத்து எண்ணினார். ஆறு. மறுபடி எண்ணினார். ஆறேதான். கால் ஒடிந்திருந்தால் அடிக்கட்டையாவது தெரியும், அதுவும் இல்லை.

"பூச்சிதான்க்கா. பயப்படாம போ."

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

லேபிள் எழுத உட்கார்ந்தபோதுதான் வினை. பூச்சி சரி, எந்தப் பூச்சி? மறுபடி குனிந்து பார்த்தார். உணர்கொம்பைக் காணோம். உணர்கொம்பு இல்லாத பூச்சியா? தலை, மார்பு, வயிறு என்று மூன்றாகத் தெரிய வேண்டிய உடம்பு ஒரே உருண்டையாக இருந்தது. காலைக் கேட்டால் பூச்சி என்கிறது, உடம்பைக் கேட்டால் இல்லவே இல்லை என்கிறது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். குழப்பம் கண்ணாடியில் இல்லை.

இதே மாதிரி ஒன்றைத் தேடிப் பூச்சித் தட்டைக் குடைந்தார். மூலையில் ஒரு பழைய புட்டி. 'இனம் தெரியாத பூச்சி, காவலாளி நாய் படுக்கும் சாக்கு' என்று தேதியோடு அவர் கையெழுத்திலேயே இருந்தது. உள்ளே இதே எள்ளுருண்டைகள், இதே ஆறு கால்.

நாய் படுக்கும் சாக்கு என்றால் உண்ணி இருக்குமே. எட்டுக்கால் தட்டை இழுத்தார். அதில் ஒரு புட்டி: அதே தேதி, அதே சாக்கு, ஆனால் லேபிளில் 'உண்ணி'. ஒரே சாக்கில் எடுத்ததைக் காலை எண்ணி இரண்டாகப் பிரித்த புண்ணியவான் அவரேதான். அந்தப் புட்டியில் ஒன்று பாதித் தோல் உரித்த நிலையில் செத்திருந்தது. உரிந்த தோலில் ஆறு கால். உள்ளிருந்து வந்துகொண்டிருந்த உடம்பில் எட்டு.

உடனே போனில் அக்காவைக் கூப்பிட்டார்.

"அக்கா, நான் சொன்னது தப்பு. அது உண்ணிதான், குட்டி உண்ணி. டாக்டர்கிட்ட உடனே சொல்லு."

"ஆறு காலுன்னு சத்தியம் பண்ணாத குறையா சொன்னியேடா!"

"குட்டியா இருக்கும்போது ஆறுதான்க்கா. மீதி ரெண்டு அப்புறந்தான் முளைக்கும்."

அக்கா டாக்டரைத் தேடிப் போகும் சத்தம் கேட்டது. ஸ்பீக்கரில் போட்ட போன், அவர் தட்டுகளை முன்பே பார்த்திருந்த குழந்தையின் கையில் இருந்தது போலும்.

"மாமா," என்றது சோர்ந்த குரல், "எனக்கும் முன்பல்லு ரெண்டு இன்னும் முளைக்கல. என்னை எந்தத் தட்டுல வைப்ப?"