இன்னொரு தடவை கூப்பிடட்டும்

என் கணவர் ஃபிர்மினின் சூப் ஆறிவிடக்கூடாது என்று அவருடைய கிண்ணத்தின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்தேன். 1957 நவம்பர், செவ்வாய்க்கிழமை, மதியம் பன்னிரண்டே கால். இறைச்சி உருண்டை போட்ட லீக் கீரை சூப். அவர் முன்னால் கடையில் இருந்தார். பின்னால் சமையலறையில் நானும் அவருடைய அக்கா இர்மாவும் சாப்பிட உட்கார்ந்தோம்.

பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் எங்கள் ஸ்ட்ரூபே துடைப்பக் கடை என்றால் தெரியாதவர்கள் குறைவு. குதிரைமுடித் துடைப்பம், புகைபோக்கி பிரஷ், கன்னிமாடங்களின் தரை தேய்க்கும் கட்டை, எல்லாம் உத்தரத்துக் கொக்கிகளில் தொங்கும். எதை எடுக்கவும் ஏணி வேண்டும். கடைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு கதவும் பச்சைத் திரையும்தான்.

யாராவது வந்தால் தெருக்கதவின் மணி அடிக்கும். அப்போதும் நாங்கள் வெளியே வராவிட்டால் வந்தவர் 'ஃபோல்க்' என்று குரல் கொடுப்பார். மக்கள் என்பதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். கடையில் சொன்னால் 'ஆள் வந்திருக்கு' என்று அர்த்தம். மணி அடிக்காமல் ஃபோல்க் என்று கேட்டால் அது ஃபிர்மின். அவருக்கு உதவிக்கு ஒருத்தி வேண்டும்.

சொந்தக் கடையில் அவர் வாடிக்கையாளரைப் போலக் கூப்பிட்டதற்கு நாங்கள் இருவரும்தான் காரணம். இர்மா என்று கூப்பிட்டால் நான் இரண்டு நாள் முகம் கொடுக்கமாட்டேன். கோடெலீவ என்று என்னைக் கூப்பிட்டால் இர்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக் குறைப்படுவாள். கல்யாணமான முதல் வருடத்திலேயே அவர் கடையில் நின்று இரண்டு பெயர்களையும் சொல்வதை விட்டுவிட்டார். அதன் பிறகு எட்டு வருடம், ஃபோல்க் மட்டும்தான். கேட்டதும் யார் முதலில் எழுகிறாளோ அவள் தோற்றவள். மற்றவள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சிரிப்பாள்.

அன்று காலை நான் ஜன்னலில் அடுக்கி வைத்திருந்த துணி பிரஷ்களை இர்மா கலைத்துப் போட்டிருந்தாள். அதனால் இரண்டு பேரும் எழுகிற நிலையில் இல்லை.

கடையில் தடதடவென்று சத்தம் கேட்டது.

"கொட்டிட்டான்," என்றாள் இர்மா. "ஒரு துடைப்பத்த எடுக்கச் சொன்னா ஒம்பத இறக்குவான் என் தம்பி."

"உங்க வீட்டு ரத்தம்," என்றேன்.

"ஃபோல்க்," என்று கேட்டது. மணி அடித்திருக்கவில்லை.

"போ, மகாராணி. பொறுக்கிக் குடு."

"நேத்து ரெண்டு தடவையும் நான்தான் போனேன். இன்னைக்கு நீங்க போங்க."

"என் முட்டி வலி உனக்குத் தெரியாதா?"

"மாதா கோயிலுக்குப் போறப்ப அந்த முட்டி எங்க போவுது?"

இர்மா கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனாள். மறுபடியும் ஃபோல்க் என்று கேட்டது. இந்தத் தடவை குரல் தாழ்வாக இருந்தது. தரைப்பக்கத்திலிருந்து வந்ததுபோல இருந்தது என்று எனக்கு அப்போதே தோன்றியது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. விழுந்ததைக் குனிந்து பொறுக்குகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு அவர் என் பெயரைச் சொன்னார்.

"கோடெலீவ."

இர்மாவின் கரண்டி நின்றது. அவள் முகம் போன போக்கைப் பார்த்தேன். எட்டு வருடத்தில் முதல் தடவை, அவள் காதுபட, அவள் தம்பி என்னைக் கூப்பிட்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் இனித்தது.

"உன்னத்தான் கூப்பிடறான்," என்றாள் மெதுவாக.

"கேட்டுது."

"அப்ப எழுந்து போயேன்."

"சரியாக் கேக்கல," என்றேன். "இன்னொரு தடவ கூப்பிடட்டும்."

இன்னொரு தடவை அவள் கேட்கவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். கிண்ணத்திலிருந்த உருண்டையை நாலாக வெட்டி ஒவ்வொன்றாகச் சாப்பிட்டேன். அவள் என்னைப் பார்க்க, நான் அவளைப் பார்க்க, இரண்டு பேரும் கதவுப் பக்கம் காதை வைத்திருந்தோம். ரொட்டியால் கிண்ணத்தைத் துடைத்தேன். பிறகும் காத்திருந்தேன்.

மணி அடித்தது. "ஃபோல்க்," என்றது ஒரு பெண் குரல், பாதிரியார் வீட்டுச் சமையல்காரி ஸெலீன். அடுத்த மூச்சில், "ஐயோ, இங்க வாங்க, இவரு கீழ கெடக்காரு," என்றாள்.

ஏணி சாய்ந்து கிடந்தது. கல்லாமேசையின் விளிம்பில் மோதி விழுந்திருந்தார். வெளியே ரத்தம் ஒரு சொட்டு இல்லை. எல்லாம் உள்ளே கசிந்திருந்தது. டாக்டர் வந்தபோது உயிர் இல்லை.

"கால் மணி நேரம் முந்திப் பாத்திருந்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாம்," என்றார் அவர். "கூப்பிடலையா இவரு?"

நான் வாயைத் திறந்தேன்.

"இல்ல டாக்டர்," என்றாள் இர்மா. "ஒரு சத்தமும் இல்ல." சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். சொந்த அக்காகூட இப்படித் தாங்கமாட்டாள் என்று ஸெலீன் அதைத் தெருவெல்லாம் சொன்னாள். கறுப்புக் கரை போட்ட மரண அறிவிப்பை ஜன்னலில் ஒட்டினோம். ஒரு வாரத்தில் கடையைத் திறந்தோம். போக வேறு இடம் எனக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை.

அந்த மாதக் கடைசியில்தான் ஆரம்பித்தது. மதியம், சூப் ஊற்றியாகிவிட்டது. இர்மா தலை நிமிராமல், ஃபிர்மினின் தாழ்ந்த குரலில், "கோடெலீவ," என்றாள்.

நான் எழுந்துவிட்டேன். கடைக்குள் போய் நின்றேன். யாரும் இல்லை.

"யாரு?" என்று கேட்டாள் நான் திரும்பி வந்ததும்.

"யாருமில்ல."

"அப்படியா. எனக்கு என்னமோ கேட்டுது."

அப்புறம் எல்லா மதியமும் அப்படித்தான். ஒரு தடவைதான் சொல்வாள், இரண்டாவது தடவை சொல்லவே மாட்டாள். எழாமல் இருக்க ஒரே ஒரு நாள் முயன்றேன். அவள் கரண்டியைக் கீழே வைத்து, கைகளைக் கட்டிக்கொண்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சூப்பின் மேல் கொழுப்பு உறைகிற வரைக்கும் பார்த்தாள். நான் எழுந்து போனேன்.

பத்தொன்பது வருடம். விருந்தாளி இருந்தாலும் சொல்வாள். ஈஸ்டர் அன்றும் சொன்னாள். போன மார்ச் மாதம் நுரையீரலில் நீர் கோத்துப் படுத்தவள், கடைசி வாரத்தில் பேச்சு போன பிறகும், பன்னிரண்டே கால் ஆனால் உதட்டை மட்டும் அசைப்பாள். நான் மாடியிலிருந்து இறங்கி, கடையில் நின்றுவிட்டு, மறுபடி ஏறுவேன். அடக்கத்தன்று ஸெலீன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அக்கா தங்கச்சின்னா உங்க ரெண்டு பேரு மாதிரி இருக்கணும்," என்றாள்.

இப்போது கடையில் நான் மட்டும். பன்னிரண்டே கால் ஆனால், யாரும் கூப்பிடாமலே எழுந்து வந்து இங்கே நிற்கிறேன். மதியத்தில் இந்தத் தெருவின் மற்ற கடைகளெல்லாம் ஒன்றரை மணி வரை மூடிக் கிடக்கின்றன. எங்கள் கதவில் மாமனார் காலத்து எனாமல் தகடு ஒன்று இருக்கிறது: 'மதியமும் திறந்திருக்கும்.'