சுப்புவுக்குப் போட்ட ஊசி

“பதினோரு ஊசி, சித்தப்பா! ஒரு மனுசன் உக்கார வேணாமா?”

“கத்தாதடா! தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகணுமா வேணாமா?” என்று ஆராயி, என்னிடம் முறையிட்ட தன் மகன் சுப்புவை அடக்கினாள்.

டெல்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த எங்கள் ஜுக்கிக் குடிசைகளில் அன்று காலை யாரும் வேலைக்குக் கிளம்பவில்லை. சுப்பு நின்றுகொண்டே ரொட்டி தின்பதை வேடிக்கை பார்க்கவே நேரம் சரியாக இருந்தது.

விஷயம் இதுதான். இரண்டு மாதமாக இருமியவள் சுப்புவின் மனைவி வடிவு. சளியில் ரத்தமும் வந்தது. உடனே சொந்தம் கூடியது. சாணக்யபுரி பங்களாவில் தோட்டவேலை பார்த்த பெரியண்ணன்தான் எங்களுக்கெல்லாம் டாக்டர். பெரிய மனிதர்கள் தும்முவதை அருகில் நின்று பார்த்தவர்.

“பொம்பள பேரு டி.பி. சீட்டுல ஏறிச்சுன்னா நம்ம செங்கம்மாள எவன் கட்டுவான்? ஆம்பள இருமினா பீடின்னுருவாங்க. சுப்பு போகட்டும்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். வடிவை யாரும் கேட்கவில்லை. அவள் கூட்டத்துக்கு டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

சுப்பு போய் இருமிக் காட்டினான். சளி பிடித்துவர ஆஸ்பத்திரியில் டப்பா கொடுத்தார்கள். டப்பாவில் வடிவின் சளி, மேலே சுப்புவின் பெயர். வியாதி சுப்புவுக்கு என்று முடிவாயிற்று. மாத்திரை வீட்டுக்கு வந்து வடிவின் வாய்க்குப் போனது. ஊசியை அப்படிக் கொண்டுவர முடியவில்லை. தினமும் அங்கேயே சுப்புவுக்குக் குத்தினார்கள்.

“புருசன் ஒடம்புல ஏறினா பொஞ்சாதிக்கும் கொஞ்சம் சேரும்” என்றார் பெரியண்ணன், அன்று காலையும்.

வடிவு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். “சீட்டக் குடுங்க.”

“எங்கடி கெளம்பிட்ட?” என்றாள் ஆராயி.

“ஊசி போட்டுக்க.”

“மாப்ள வீட்டுக்குத் தெரிஞ்சா?”

“நான் செத்தா மட்டும் தெரியாதா அத்தே?”

தனியாக பஸ் ஏறிப் போனாள். “டாக்டர் சாப், அந்தச் சளி என்னுது” என்று தெரிந்த ஹிந்தியில் சொன்னாளாம். அவர் அரைமணி நேரம் திட்டிவிட்டு, வடிவு என்று புதுச் சீட்டு எழுதினார்.

சுப்புவுக்கு வியாதி என்றபோது ஆறுதலாக ஆரஞ்சு கொடுத்தனுப்பிய, செங்கம்மாளுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை வீட்டார், வடிவின் பெயரைக் கேட்டதும் சம்பந்தம் வேண்டாம் என்றார்கள். வடிவு ஒன்றரை வருஷம் விடாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். பாதி நாள் துணைக்குப் போனவள் செங்கம்மாள்.

பிறகு பெண் பார்க்க வந்த ஆட்டோக்காரன் தர்மனிடம், “எங்க அண்ணிக்கு டி.பி. வந்து நல்லாயிருச்சு” என்று செங்கம்மாளே முதலில் சொல்லிவிட்டாள். கட்டிக்கொண்டு புசா ரோடு பக்கம் குடிபோனார்கள். கல்யாணப் பந்தியில் பரிமாறியவள் வடிவு. அதனால் பெரியண்ணன் கை நனைக்காமல் எழுந்தார். அந்த மாதமே சொந்த ஊரான சேலத்துக்குத் திரும்பிவிட்டார்.

அங்கே அவருக்கு ‘டெல்லி டாக்டர்’ என்று பெயராம். காலையிலேயே வாசலில் கூட்டமாம்.