விடாமல் பிடித்த பொத்தான்

மைசூர் ஹெப்பாளில் எழும் கட்டடத்துக்குச் சிமெண்டுக் கலவையை மோட்டாரால் மேலே ஏற்றுகிறவன் மாதையன். தலையில் செங்கல் விழுந்த பிறகு, கவனம் சரியாக இருக்கிறதென்று டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் மேஸ்திரி அவனை மறுபடி வேலைக்குச் சேர்ப்பார். அதற்காகத்தான் தொண்ணூற்றாறாம் வருஷம் மைசூர் ஆஸ்பத்திரியில் தலை நிறைய ஒயரோடு உட்கார்ந்திருந்தான். காதில் மணி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். நாற்பது தடவை மணி கேட்டது, நாற்பதுக்கும் அழுத்தினான்.

புதிதாக வந்த கம்ப்யூட்டரைப் பார்த்து, மூளைப் பதிவு எடுக்கும் வத்ஸலா உதட்டைப் பிதுக்கினாள். “பதினொண்ணுதான் விழுந்திருக்கு. தூங்கிட்டீங்களா?”

“ஒண்ணுகூட வுடலீங்க அம்மிணி. மறுக்கா போடுங்க, என் கையப் பாருங்க.”

பார்த்தாள். சில தடவை தவிர, அடுத்த மணி கேட்கும்வரை அவன் கட்டைவிரல் பொத்தானை விடவே இல்லை. கேட்டதும் ஒருதரம் எடுத்து மறுபடி அழுத்தினான்.

“ஏன் பிடிச்சே இருக்கீங்க?”

“எங்க மோட்டார்ல பொத்தான வுட்டா கலவைத் தொட்டி பாதியில நின்னுருமுங்க.”

வத்ஸலா தானே பொத்தானைப் பிடித்துக்கொண்டு மணியை ஒலிக்கவிட்டாள். திரையில் குறி விழவில்லை. விரலை எடுத்துவிட்டு ஒலிக்கவிட்டாள், விழுந்தது.

“அய்யோ, பொத்தானைப் பிடிச்சிருந்தா மணி அடிச்சதையே இது எழுதிக்கறதில்லை!”

“அப்பத் தூங்குனது அதுதானுங்க.”

மூன்றாம் முறை, அழுத்தியதும் விரலை எடுத்தான். நாற்பதும் விழுந்தன. வத்ஸலா டாக்டருக்கான தாளில் அதை எழுதினாள்.

“மெசினு தப்புன்னும் எழுதிருங்க அம்மிணி,” என்றான் மாதையன். “இல்லாட்டி, மூணு வாட்டி எதுக்குன்னு மேஸ்திரி கேப்பாரு.”

எழுதினாள்.