விபூதி படாத டொலர்

மிதுனன் குளித்துவிட்டு வந்தபோது மேசையிலிருந்த இரண்டு டொலர்களையும் காணவில்லை. சாமித்தட்டுப் பக்கமிருந்து விபூதி வாசம் வந்தது. சரஸ்வதி பூசைக்காக அம்மா சந்திரவதனா வெள்ளிச் சாமான்களை மினுக்கிக்கொண்டிருந்தார். விபூதி தொட்டு, பழந்துணியால், தேய் தேயென்று.

இரண்டுமே பழைய அமெரிக்க வெள்ளி டொலர்கள். ஒன்று அவனுடையது, எவனோ எப்போதோ தேய்த்துக் கெடுத்தது. மற்றது நாணயச் சங்கத்து மரியோவுடையது. நூறு வருடத்துக்கு மேலாக ஒருவர் துணியும் படாமல், நீலமும் ஊதாவுமாக நிறமேறி, ஒரு பிளாஸ்டிக் டப்பிக்குள் கிடந்தது. "தரம் பார்த்துப் பழகு, ஞாயிறு கொண்டுவா" என்று நம்பிக் கொடுத்திருந்தார். இன்று ஞாயிறு. தேய்த்த நாணயத்துக்கு விலையில்லை; அந்தச் சங்கத்தில் அழுக்குக்குத்தான் மரியாதை. மினுக்கினவனுக்கு இருக்கக் கதிரைகூடக் கொடுக்கமாட்டார்கள்.

"அம்மா! என்ர டொலர் எங்கை?"

"சாமிக்கு முன்னாலை வைச்சிருக்கிறன். பார், எப்பிடிப் பளபளக்குது!"

பளபளக்கத்தான் செய்தது, கல்யாண வீட்டுச் செம்பு மாதிரி. எடுத்து யன்னல் வெளிச்சத்தில் சரித்தான். நாணயத்திலிருந்த பெண்முகத்தின் கன்னமெல்லாம் மயிரிழைக் கீறல்கள். காதுக்கு மேலே கூந்தல் தேய்ந்து வழுக்கையாகியிருந்தது.

வழுக்கை! மரியோவின் டொலரில் ஒவ்வொரு மயிரும் எழும்பி நிற்கும். இது அவனுடையது.

"மற்றது எங்கையம்மா?"

"உன்னை ஆரோ நல்லாப் பேய்க்காட்டியிருக்கிறான் தம்பி. வெள்ளியெண்டால் உப்பிடி நீலம் பாயுமே? உது தகரம். தகரத்துக்குப் போய் என்ர பழனி விபூதியை வீணாக்குவனே?"

"எறிஞ்சு போட்டியளோ?"

"சீ, டப்பியைத் திறக்கவே இல்லை. சாமிக்கு முன்னாலை வைக்க வெக்கமாக் கிடந்தது. உன்ர சொக்ஸ் லாச்சிக்குள்ளை வைச்சனான்."

ஓடிப்போய் இழுப்பறையைத் திறந்தான். ஒற்றைச் சொக்ஸ்களின் நடுவே, பிளாஸ்டிக் டப்பிக்குள், நீலமும் ஊதாவும் அப்படியே இருந்தன. மிதுனன் டப்பியை எடுத்துச் சட்டைப் பொக்கற்றுக்குள் வைத்தான். அம்மா ஒரு பொருளைக் குறைத்து மதித்ததற்காக அவன் சந்தோசப்பட்டது இதுவே முதல்தடவை.

சங்கத்துக்கு வெளிக்கிடும்போது அம்மா வாசலில் மறித்தார்.

"அந்தாளிட்டை அந்தத் தகரத்தைத் திருப்பிக் குடுத்துப்போட்டு வா, என்ன?"

"ஓம் அம்மா. இண்டைக்கே குடுக்கிறன்."

இவ்வளவு பணிவான பிள்ளையைப் பார்த்து உருகிய சந்திரவதனா, ஒரு சிட்டிகை விபூதியோடு கையை நீட்டினார். மிதுனன் சட்டைப் பொக்கற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நெற்றியை மட்டும் காட்டினான்.