குளிர் அறையின் கதவு

ரொட்டிக்கடைக்காரருக்குக் கல்யாண நாள் பரிசாக அவர் மனைவி ஒரு சின்னப் பெட்டி செய்து கொடுத்தாள். பிசைந்த மாவு இருக்கும் குளிர் அறையின் கதவு திறந்து கிடந்தாலோ, உள்ளே சூடு ஏறினாலோ, அது அவர் போனுக்குச் செய்தி அனுப்பும். வைஃபை கருவிகளுக்கு புரோகிராம் எழுதுவதுதான் அவளுக்கு வேலை. ரொட்டி வாங்க வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "என் வீட்டம்மா செஞ்சது" என்று காட்டி மகிழ்ந்துபோனார் மனுஷன்.

பெட்டிக்குள் ஒரே ஒரு ரேடியோ, வேலையோ இரண்டு. கடை ரூட்டரோடும் பேச வேண்டும், கதவிலும் தட்டுகளிலும் ஒட்டியிருந்த சென்சார்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். எல்லாம் ஒரே சேனலில், அதாவது ஒரே அலைவரிசையில், இருந்தவரை சிக்கல் இல்லை. ஒருநாள் ரூட்டர் தானாகவே வேறு சேனலுக்கு மாறிவிட்டது. சென்சார்கள் பழைய சேனலை விட்டு நகராது. பெட்டி அங்கும் இங்கும் தாவத் தொடங்கியது.

இது யாருக்குத் தெரியும்? மறுநாள் காலை அவர் போய்ப் பார்த்தால், கதவு ஒருக்களித்துக் கிடக்கிறது; மாவு பொங்கி மூடிகளைத் தள்ளிக்கொண்டு தரையெல்லாம் வழிகிறது. போனில் ஒரு செய்தியும் இல்லை.

அவள் தலைகூட வாராமல் ஓடி வந்தாள். "நான் கொடுத்த பெட்டியை நம்பித்தானே இருந்தீங்க..." என்றாள்.

"கதவைச் சரியா சாத்தாதது நான். பெட்டியா வந்து சாத்தும்?"

"சொல்லியாவது இருக்கணும்ல?"

"ஏன் சொல்லலைன்னு நீ பாரு. தட்டுல மிஞ்சின மாவைத் தட்டையா சுட்டு வித்துடறேன்."

மாவு மூட்டைமேல் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தவள், கொஞ்ச நேரத்தில் கத்தினாள். "ஏங்க, இங்க வாங்க! கண்டுபிடிச்சிட்டேன்!"

மாவுக் கையோடு வந்து நின்றார்.

"பெட்டி ரூட்டர்கிட்ட சொல்லாம கொள்ளாம சென்சார் பக்கம் தாவிடுது. ரூட்டர் கூப்பிட்டுப் பாத்துட்டு, ஆளே இல்லைன்னு பட்டியல்ல இருந்து பேரை அடிச்சிடுது. திரும்பவும் உள்ள சேர இது ரூட்டர் பக்கமே நின்னு மல்லுக்கட்டுது. அந்த நேரம் பாத்து சென்சாருங்க கதவைப் பத்தியும் சூட்டைப் பத்தியும் சொல்லியிருக்கு. கேக்க ஆள் இல்லை. அதுங்களும் நாலு தரம் சொல்லிட்டு விட்டுடுச்சுங்க."

"இப்ப என்ன பண்ணுவ?"

"இனிமே சென்சார் பக்கம் கிளம்புறதுக்கு முன்னாடி பெட்டி ரூட்டர்கிட்ட, 'கொஞ்சம் தூங்கப்போறேன், எனக்கு வர்றதை எடுத்து வை'ன்னு சொல்லிட்டுப் போகும். அப்ப பேரை அடிக்காது. பதில் வர்ற வரைக்கும் சென்சாரும் விடாம சொல்லிக்கிட்டே இருக்கும்."

"தூங்கவே போகாம தூங்கப்போறேன்னு புளுகா? உன் கையால செஞ்சதாச்சே, வேற எப்படி இருக்கும்!"

அவள் ஒரு பிடி மாவை அள்ளி அவர்மேல் எறிந்தாள். முகமெல்லாம் வெள்ளையாக நின்று சிரித்தார்.

மதியத்துக்குள் வேலை முடிந்தது. கதவைத் திறந்து பார்த்தார்கள். போன் உடனே அலறியது. இனி எதற்கும் இருக்கட்டும் என்று தன் போனுக்கும் செய்தி வரும்படி செய்துவிட்டு அவள் ஆபீஸுக்குப் போனாள்.

சாயங்காலம் மீட்டிங்கில் இருந்தபோது அவள் போன் அலறியது. பதறிப்போய் வெளியே வந்து கூப்பிட்டாள்.

"கதவு திறந்திருக்குங்க! சாத்துங்க!"

"நான்தான் திறந்தேன். கூப்பிடுறியான்னு பாத்தேன்."

"மாவு வீணாயிடும், சாத்தித் தொலைங்க" என்றாள். ஆனால் போனை வைக்கவில்லை.